ஏழாம் கம்பத்துக்கு அப்பால்

க்ளொன்ஃபாரா,
ஒஃபலி மாவட்டம், அயர்லாந்து.
ஜூலை 16, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் டெர்வ்லாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தில் ஒரு கெட்ட சேதி இருக்கிறது, ஆனால் அது நடந்து முடிந்துபோன சேதி. ஈஃபாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நான் இதை எழுதும்போது உன் மகள் முன்னறையில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு தவளை வரைகிறாள். இந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு மேலே படி. ஏழாம் மாதத்தில் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கும் உன்னை நான் பதற வைக்க விரும்பவில்லை, ஆனால் உன் அண்ணன் டோனல் எப்படியும் உன்னிடம் சொல்லிவிடுவான், அதற்கு முன் நீ இதை என்னிடமிருந்து அறிய வேண்டும். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். நீ குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாய், நானும் எனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லி முடித்துவிடுவேன். எழுதினால் அப்படிச் செய்ய வராது. விரைவுத் தபாலில் போட்டால் பெர்த்துக்கு நாலைந்து நாளில் வந்துவிடுமாம், அதுவரை வாயைத் திறக்கக்கூடாது என்று உன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. சமையலறைக் கூரையில் பெயர்ந்துபோன ஓடுகளை மாற்றியாயிற்று, வேலை சுமார்தான், நான் கீழே நின்று காட்டிய இரண்டு ஓடுகளைக் கழற்றி மறுபடி வைக்கச் சொன்னேன். புதுச் சாமியார் நைஜீரியாக்காரர், பிரசங்கம் எட்டு நிமிஷத்தில் முடிகிறது, எட்டு நிமிஷமும் உருப்படியாக இருக்கிறது. ஈஃபா முட்டை சாப்பிடப் பழகிவிட்டாள். சோடா ரொட்டியின் ஓரத்தை மட்டும் கடித்துவிட்டு நடுவை வைத்துவிடுகிறாள், அதை இன்னும் திருத்த முடியவில்லை. நீ இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதே, அது உடம்பில் சேராது. காலைத் தலையணைமேல் வைத்துக்கொள். துவைத்த துணிக் கூடையை மாப்பிள்ளை தூக்கட்டும், அவருக்குக் கை இருக்கிறது.

நீ இங்கே இருந்தபோது அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டிய அந்தப் பெரிய சதுப்பை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. வேலை நின்ற பிறகு வடிகால்களை அடைத்துத் தண்ணீரை நிற்கவிட்டார்கள், பாதி இடம் குளமும் நாணலுமாகிவிட்டது, மீதியில் பிர்ச் மரங்கள் தாமாகவே முளைத்துக் காடாகிவிட்டன. அப்பா கரிமண் ரயில் ஓட்டிய மேட்டின்மேல் பலகை போட்டுக் குடும்பத்தோடு நடக்க ஒரு பாதை செய்திருக்கிறார்கள். இரண்டு கிலோமீட்டர், ஒரே வட்டம், ஒரு மீட்டர் அகலம், கிளைப்பாதை எதுவும் கிடையாது. வழுக்காமல் இருக்கப் பலகைமேல் கம்பிவலை அடித்திருக்கிறார்கள், தள்ளுவண்டிகூடப் போகும். வழியில் பதினான்கு கம்பங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிராணியின் முத்திரை தொங்கும், பிள்ளைகள் தங்கள் அட்டையில் அதைக் குத்திக்கொண்டே போக வேண்டும். போன ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பங்குக் குடும்பங்கள் எல்லாம் அங்கே நடப்பதாக ஏற்பாடு, அறுபது பேர் இருக்கும். டோனலும் உன் அண்ணி ஷினேடும் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். நான் பூசைக்குப் போட்ட நீலக் கோட்டோடும் நல்ல காலணியோடுமே போனேன், பலகைமேல் நடக்கத்தானே என்று.

வாசலில் அட்டை கொடுத்துக்கொண்டிருந்தது நெட் டூலன், அப்பாவோடு ரயிலில் வேலை பார்த்தாரே, அவர்தான். கழுத்தில் அந்தப் பழைய கட்டம் போட்ட துண்டுகூட மாறவில்லை. பிள்ளைகளையெல்லாம் நிறுத்தி வைத்து, உள்ளே ஒரு மண்கட்டி இருக்கிறது, பார்க்க மற்ற மண் மாதிரியே இருக்கும், மிதித்தால் சொந்த வயலில்கூட வழி தெரியாமல் சுற்ற வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அதற்குச் சொல்லும் பெயர் உனக்கு நினைவிருக்கும், தடம்மாற்றி. மிதித்துவிட்டால் அழக்கூடாதாம், கோட்டைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு நடந்தால் வழி தானாக வந்து நிற்குமாம். பூசை முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டீர்களா நெட் என்று கேட்டேன். “உங்களுக்கு அது தேவைப்படாதுங்க மோலாயம்மா, உங்களைப் பார்த்தா பாதையே ஒதுங்கி நின்னு வழி விடும்” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றாம் கம்பத்தில் தள்ளுவண்டியின் சக்கரம் பலகை இடுக்கில் மாட்டி ஒடிந்துபோயிற்று. டோனலும் ஷினேடும் அதைத் தூக்கிக்கொண்டு காருக்குத் திரும்பினார்கள், நானும் ஈஃபாவும் மேலே நடந்தோம். எங்களுக்கு முன்னால் தபால் நிலையத்து ரீட்டாவும் அவள் இரண்டு பெண்களும் பாடிக்கொண்டு போனார்கள், பின்னால் ஒரு பெரிய கூட்டம் வந்துகொண்டிருந்தது. ஆறாம் கம்பம்வரை குளத்தை ஒட்டிய பாதை, வெயில் நன்றாக இருந்தது. அதற்கப்புறம் பிர்ச் காட்டுக்குள் நுழைகிறது. ஏழாம் கம்பம் நாரை. ஈஃபா முத்திரை குத்தினாள், நடந்தோம். ஒரு வளைவு, அதன் ஓரத்தில் சாய்ந்த மரம் ஒன்று, அதைத் தாண்டியதும் அடுத்த கம்பம். அதிலும் நாரை, அதிலும் ஏழு. எண்ணை எழுதியவனின் அசட்டை என்று நினைத்தேன், வாசலில் சொல்லிவிட வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். ஈஃபா எட்டாம் கட்டத்தில் நாரையைக் குத்தினாள். மறுபடி வளைவு, சாய்ந்த மரம், கம்பம், நாரை. ஒன்பதாம் கட்டத்திலும் நாரை. அப்போதுதான் ரீட்டாவின் பெண்கள் பாடுவது கேட்கவில்லை என்று கவனித்தேன். பின்னால் வந்த கூட்டமும் வரவில்லை. ஒரு குருவிச் சத்தம் இல்லை. காற்றில் நாணல் அசைவது தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. நின்று திரும்பி வந்த வழியே நடந்து பார்த்தேன். வளைவு, சாய்ந்த மரம், ஏழு. நாலாவது நாரையை ஈஃபா பத்தாம் கட்டத்தில் குத்தினாள், இந்த முறை அவள் என்னைப் பார்த்துக்கொண்டே குத்தினாள்.

இதற்கு மேல் நடந்ததை நீ கவனமாகப் படிக்க வேண்டும். கோட்டைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாமா பாட்டி என்று கேட்டாள். நம் வீட்டில் அதெல்லாம் செய்கிற வழக்கம் இல்லை என்றேன். தாத்தா செய்வாராமே, அம்மா சொன்னாளே என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒருநாள் அப்பா சதுப்பிலிருந்து கோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்ததையும், அதை ஒழுங்காக மாட்டிக்கொள்ளும்வரை நான் அவரைப் பின்வாசலில் மழையில் நிறுத்தி வைத்ததையும் நீ பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாய் என்று புரிந்தது. சொன்னதில் தப்பில்லை, நடந்ததுதானே. மடத்துப் பள்ளியில் சகோதரி பெர்பெத்துவா, வழி தப்புகிறவன் ஒன்று குடிகாரன் அல்லது மடையன் என்று சொல்வார், நான் அதைப் பிடித்துக்கொண்டே வளர்ந்துவிட்டேன். உன் அம்மா என்ன வேண்டுமானாலும் சொல்லுவாள் என்று சொல்லி ஈஃபாவின் கையை உதறினேன். விட்டேன் என்று முதலில் எழுதி அடித்திருக்கிறேன், பார்த்திருப்பாய். விடவில்லை, உதறினேன். அவள் தன் மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்றி, சாம்பல் நிற உள்பக்கம் வெளியே வர மாட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் நடந்து வளைவில் திரும்பினாள். பத்தடிதான். நான் அந்த வளைவுக்குப் போனபோது சாய்ந்த மரம் இருந்தது, ஏழாம் கம்பம் இருந்தது, பிள்ளை இல்லை.

அதற்கப்புறம் எவ்வளவு நேரம் நடந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. நேராகவும் நடந்தேன், திரும்பியும் நடந்தேன், கூப்பிட்டேன். கூப்பிட்டது என் காதுக்கே எட்டவில்லை. பிறகு அவள் குரல் கேட்டது. இங்கேதான் இருக்கேன், இங்கேதான் இருக்கேன் என்று, பயமில்லாமல், விளையாடுகிற மாதிரி. பாதையிலிருந்து இல்லை, இடது பக்கம் மரங்களுக்குப் பின்னால் குளத்துப் பக்கமிருந்து. பிள்ளை தண்ணீருக்குப் போய்விட்டாள் என்று ஒரு காலைப் பலகையிலிருந்து இறக்கினேன். முழங்கால்வரை உள்ளே போயிற்று, அடியில் எதுவும் தட்டுப்படவில்லை. மற்ற காலையும் இறக்கப் போனேன், அப்போது அது இன்னும் பக்கத்தில் வந்து பேசியது. “இந்தப் பக்கம் வா டிம்ப்னா, எட்டி வை” என்றது. ஈஃபாவின் குரல்தான், அந்த ஆஸ்திரேலியப் பேச்சுதான். ஆனால் அவளுக்கு நான் பாட்டி. இந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட இப்போது உயிரோடு யாரும் இல்லை.

கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காலை இழுத்தேன், காலணி உள்ளேயே போய்விட்டது. பலகைமேல் உட்கார்ந்து நீலக் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினேன். அதன் உள்துணி எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கிழிந்த இடத்திலெல்லாம் அப்பாவின் பைஜாமாத் துணியை ஒட்டுப்போட்டு வைத்திருந்தேன், வெளியே தெரியவா போகிறது என்று. அதை வெளியே தெரியத் திருப்பி மாட்டிக்கொண்டு எழுந்து நடந்தேன். வளைவு இல்லை, சாய்ந்த மரம் இல்லை. பத்துப் பதினைந்து அடியில் கார் நிறுத்துமிடம். அறுபது பேரும் அங்கே நின்றார்கள், ஒற்றைக் காலணியும் பைஜாமா ஒட்டுமாக நான் அவர்கள் நடுவில் வந்து நின்றேன். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை. ஈஃபா சுவர்மேல் உட்கார்ந்து நெட் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள். திருப்பிப் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் நடந்தேன், இங்கே வந்துவிட்டேன், நீங்கள்தான் ரொம்ப நேரம் என்றாள். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நெட் தன் தொப்பியைக் கழற்றினார், என் கோட்டைப் பார்த்தார். என்னைக் கேலி செய்ய அந்த மனிதருக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது, அதை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்காக நான் நன்றியோடு இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து நான் கால் கழுவிய பிறகுதான் டோனல் பேசினான். எழுபத்தொன்பது வயதில் இப்படி வருவது சகஜம், வெட்கப்பட ஒன்றுமில்லை, டாக்டரிடம் காட்டினால் நினைவுக்கு ஏதோ பரிசோதனை செய்வார்கள் என்றான். அவனும் அந்தப் பாதையைப் பார்த்துக்கொள்ளும் காவலாளிப் பெண்ணும் ஆளுக்கொரு திசையாக அந்த வட்டத்தை இரண்டு முறை சுற்றி வந்தார்களாம், என்னை எங்கும் காணவில்லையாம். ஒரு மீட்டர் அகலப் பாதையில் இரண்டு பேர் எதிரெதிராக நடந்தும் கண்ணில் படாமல் ஒரு கிழவி எங்கே நின்றிருப்பாள், அதை எந்தப் பரிசோதனையில் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டேன். “அதெல்லாம் இருக்கட்டும்மா, பிள்ளை கையை ஏன் விட்டீங்க” என்றான். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் ஈஃபாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்றதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. டெர்வ்லா என்னை நம்பி என்னிடம் அனுப்பினாள், எடுத்துப் போவதென்றால் அவள் சொல்லட்டும் என்றேன். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். பிள்ளையை ஆகஸ்ட் கடைசிவரை என்னிடமே விட்டு வை, இனி ஒரு நொடியும் கையை விட மாட்டேன் என்று உன்னிடம் கேட்பதாக இருந்தேன். அடுத்த வரியில் அதை எழுத இருந்தேன்.

இப்போது அதைக் கேட்கப் போவதில்லை. மேலே உள்ளதை எழுதி முடிக்கும்போது மணி இரண்டேகால், நல்ல வெயில். பின்கதவின் தாழ்ப்பாள் அசையும் சத்தம் கேட்டது, எழுந்து போய்ப் பார்த்தேன். ஈஃபா ஒரு கையில் வண்ணப் பென்சிலோடு தாழ்ப்பாளைத் தூக்கிக்கொண்டிருந்தாள். எங்கே போகிறாய் என்றதும் திடுக்கிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள், அப்புறம் கதவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். நீங்கள் வெளியே நின்றுதானே கூப்பிட்டீர்கள், உள்ளே எப்படி வந்தீர்கள் என்றாள். என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டுதான் கேட்டேன். “மன்னிச்சுக்கோ, கையைக் கொடுன்னீங்க பாட்டி” என்றாள்.

நான் அதுவரை அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை, டெர்வ்லா. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கேட்க வேண்டும் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், வாய் வரவில்லை. பின்வாசலில் நின்றது எதுவோ, அது நான் சொல்லாததை என் குரலில் சொல்லியிருக்கிறது.

கதவைத் தாழிட்டு, அங்கேயே குனிந்து நின்று, நான் செய்தது தப்பு என்று பிள்ளையிடம் சொன்னேன். சரி என்றாள், அவ்வளவுதான். பிறகு டோனலைத் தொலைபேசியில் கூப்பிட்டு உடனே காரை எடுத்துக்கொண்டு வா என்றேன். என்னையும் கூடவே கிளம்பி வரச் சொன்னான். நான் வர மாட்டேன், எனக்குத் தெரிந்தவரை அது என்னைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறது, நான் போகும் இடத்துக்கு வரும். அப்படியெல்லாம் இல்லை, எல்லாம் என் தலைக்குள்தான் என்று அவன் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். அவன் நினைப்பது சரியாக இருந்தாலும் பிள்ளை இங்கிருந்து போவதுதான் சரி, நான் நினைப்பது சரியாக இருந்தாலும் பிள்ளை போவதுதான் சரி. அவன் வீடு ஊருக்கு நடுவில் இருக்கிறது, சுற்றிலும் தார் ரோடு, அவளுடைய துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன், ஊதா நிறக் காலுறையில் ஒன்றைக் காணவில்லை, கிடைத்தால் அனுப்புகிறேன். ஈஃபா இப்போது என் பக்கத்து நாற்காலியில் இருக்கிறாள். வலது கையால் எழுதுகிறேன், இடது கையில் அவள் கை, தாளை அழுத்திப் பிடிக்க ஆளில்லாததால் எழுத்து கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள். பின்வாசலில் இப்போது சத்தம் எதுவும் இல்லை. டோனலின் கார் முனையில் திரும்புவது ஜன்னல் வழியாகத் தெரிகிறது.

பிள்ளைப்பேறு நல்லபடியாக நடக்க அன்னை மரியாளின் துணை உனக்கு இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர். பிறக்கப்போகிற பிள்ளைக்கு என் பெயரை வைக்காதே, வேறு எந்தப் புனிதையின் பெயராக இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, டோனலிடமும் ஷினேடிடமும் இதையே சொல்லியிருக்கிறேன். ஈஃபாவை என்னிடம் திருப்பி அனுப்பச் சொல்லி நான் யாரையும் வாயால் கேட்க மாட்டேன். வாசலில் நின்றும் கேட்க மாட்டேன், தொலைபேசியிலும் கேட்க மாட்டேன். கேட்கிற காலம் வந்தால் இந்தக் கையால் எழுதித்தான் கேட்பேன். என் கையெழுத்து உனக்குத் தெரியும். நான் எவ்வளவு அழுது கூப்பிட்டாலும், உன்னிடம் எவ்வளவு மன்னிப்புக் கேட்டாலும், குரலை மட்டும் நம்பி அவளை அனுப்பாதே.

உன் அன்புள்ள அம்மா,
டிம்ப்னா மோலாய்